பதினோரு கிலோமீட்டர்

மார்ச் 3, திங்கள்
காரை விற்றாயிற்று. பதினான்கு வருடம் குழந்தையைப் போல் துடைத்த கார். அது நின்ற இடத்தில் இப்போது ஒல்லியாக ஒரு மின்சார ஸ்கூட்டர். மெதுவாகப் போகிற வண்டி, லைசென்ஸ்கூட வேண்டாமாம். "ஒரு ஆளைத் தூக்கிட்டுப் போக எதுக்கு ஒரு டன் இரும்பு?" என்கிறார் என் கணவர். இவ்வளவு ஞானம் இவருக்கு எப்போது வந்தது?

மார்ச் 11
கிடங்கில் எடை சரிபார்ப்பது என் வேலை. ஒரு கிலோ கணக்கு உதைத்தாலும் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். இன்று ஓடிய தூரத்தை ஸ்கூட்டரின் திரையில் பார்த்தேன். அவர் அலுவலகம் ஆறு கிலோமீட்டர், போக வரப் பன்னிரண்டு. அது இருபத்திரண்டு காட்டுகிறது.

மார்ச் 12
இருபத்திரண்டு.

மார்ச் 14
கேட்டேவிட்டேன். "உள்வழியா சுத்திப் போறேன். காத்தாட இருக்கு." காற்றாடவாம்! காரில் கண்ணாடியை இறக்காத மனிதர். சட்டையை மோந்து பார்த்தேன், வேர்வை நாற்றம்தான். தங்கையிடம் போனில் சொன்னால், "அக்கா, மாமா மூஞ்சிக்கு யாரு வரப்போறா?" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சார்ஜ் போட பேட்டரியைக் கழற்றிக்கொண்டு பூனை மாதிரி அடி மேல் அடி வைத்து மாடி ஏறுகிறார். ஏன் பதுங்க வேண்டும்?

மார்ச் 19
நாளை லீவு போட்டிருக்கிறேன். அவருக்குத் தெரியாது.

மார்ச் 20
எந்த உள்வழியில் போனாலும் பெரிய சாலையை அந்த ஒரு சிக்னலில்தான் கடக்க வேண்டும். மருந்துக்கடை வாசலில் நின்றேன். வந்தார். வண்டியை விட்டு இறங்கினார். பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவள் சிரித்துப் பதில் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து சாலையைக் கடந்து என் பக்கமே வந்தார்கள், அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு. என்னைக் கைக்கெட்டும் தூரத்தில் தாண்டிப் போனார் — கண்டுகொள்ளவே இல்லை. என்ன நெஞ்சழுத்தம்!

அவளை மறித்து, "அவர் யாரு உங்களுக்கு?" என்றேன்.

"யாருன்னு தெரியாதுங்க. பச்சை விழுந்துடுச்சான்னு கேப்பாரு. தினம் யார்கிட்டயாவது கேட்டுட்டுத்தான் கடப்பாரு."

அப்ப என்னை... பாக்கவே இல்லையா?

மார்ச் 21
ஒத்துக்கொண்டார். ஜனவரியில் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது கண் பரிசோதனையில் தேறவில்லை. "சொன்னா வீட்டுல உக்கார வச்சிடுவே. கார் வராத சந்துகளாப் பாத்துப் போனேன்." கத்தினேன். யார் மேலயாவது ஏத்தியிருந்தா? நீங்க விழுந்திருந்தா? அப்புறம் நான்தான் அழுதேன். எவளையோ தேடினேனே, பாவி.

மார்ச் 24
டாக்டர்: "போன பார்வை வராதும்மா. மிச்சத்தைக் காப்பாத்தலாம்." மூன்று வேளையும் சொட்டு மருந்து. சாவி இனி என்னிடம்.

ஏப்ரல் 7
முதல் நாள். நான் ஓட்டினேன், அவர் பின்னால். பெரிய சாலையில் எனக்குப் பயம், அதனால் அவருடைய உள்வழியிலேயே போனோம். "இப்ப ஒரு வேகத்தடை வரும்... வலப்பக்கம் பள்ளம், ஒதுங்கு... அந்த வீட்டு நாய் குரைக்கும், கடிக்காது." எல்லாம் அப்படியே வந்தன. கண்ணாடியில் பார்த்தேன். கண்களை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்.