பஸ்ரியனின் வாக்கு

அனுப்புநர்:
திருமதி அமிர்தநாதர் திரேசம்மா,
1407ஆம் இலக்க வீடு, மக்கோவன் வீதி,
ஸ்காபரோ, தொராண்டோ, கனடா.

பெறுநர்:
தேர்தல் ஆணையாளர் அவர்கள்,
கொழும்பு, இலங்கை.

விடயம்: ஆவணி மாதப் பாராளுமன்றத் தேர்தலில் என் மகன் அமிர்தநாதர் பஸ்ரியனின் பெயரில் போடப்பட்ட வாக்கு.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். ஆனால் நாற்பத்தேழாம் ஆண்டு தொடக்கம் கனடாவுக்கு வரும்வரை ஒரு தேர்தலும் விடாமல் புள்ளடி போட்டவள். பிரதமர்தான் பெரியவர் என்ற காலத்திலும் போட்டேன். சனாதிபதிதான் எல்லாம் என்று சட்டத்தை மாற்றிய பிறகும் போட்டேன். ஆகையால் கேள்வி கேட்க எனக்கு உரிமை உண்டு.

2. தொண்ணூறாம் ஆண்டு எங்கள் தீவில் சீருடைக்காரர் என் மகனை, சாரமும் பெனியனுமாக, விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லி ட்ரக்கில் ஏற்றினார்கள். முகாம் வாசலில் கேட்டால், அப்படி ஒருவரைக் கொண்டுவரவே இல்லை என்றார்கள். அரசாங்கக் கந்தோரில் ஒருவர் பேப்பரில் இருந்து தலை நிமிராமலே, "வெளிநாட்டுக்கு ஓடியிருப்பான், ஆச்சி" என்றார். அவருடைய மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தது. சாகும்வரை அந்த முகத்தை மறக்கமாட்டேன்.

3. இந்த ஆவணித் தேர்தலன்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சாவடியில் உத்தியோகத்தர் "அமிர்தநாதர் பஸ்ரியன்" என்று உரத்துக் கூப்பிட, ஒருவன் கையை நீட்டி மை பூசுவித்து வாக்குப் போட்டிருக்கிறான். முகம் தெரியவில்லை, முதுகும் நீட்டிய கையும்தான் தெரிந்தது, பெயர் வடிவாகக் கேட்டது என்று வரிசையில் பின்னுக்கு நின்ற அயல்வீட்டு அருள்நாயகி எழுதினாள். எல்லை வேலியில் கதியால் தள்ளி நட்டதற்காக என்னோடு இருபது வருடம் கதைக்காதவள். ஆனால் பொய் சொல்லமாட்டாள்.

4. ஐயா, நான் நம்பிவிட்டேன். இங்கே மாதா கோவிலில் நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தேன். எங்கள் மாடி முழுக்கப் பாயாசம் கொடுத்தேன். "கொஞ்சம் பொறுங்கோ அம்மா" என்ற மகளோடு சண்டை பிடித்தேன். பிறகுதான், எந்த விரலில் மை பூசினார்கள் என்று அருள்நாயகியைக் கேட்டு எழுதினேன். எல்லாருக்கும் போல இடக்கைச் சின்னிவிரலில்தான் என்று பதில் வந்தது.

5. என் மகனுக்கு இடக்கையில் சின்னிவிரல் இல்லை. சிறுவயதில் வள்ளத்து இயந்திரம் கொண்டுபோய்விட்டது. எண்பத்தொன்பதாம் ஆண்டுத் தேர்தலில் உங்கள் உத்தியோகத்தர் அவனுடைய கையைப் பிரட்டிப் பிரட்டித் தேடிவிட்டுப் பக்கத்து விரலில் பூசினார். நான் பின்னால் நின்றவள்.

6. தாய் கேட்டால் அவன் இல்லை. வாக்குக்கு மட்டும் இருக்கிறான். இது என்ன அரசாங்கம், ஐயா? பிடித்துக்கொண்டு போன பிள்ளையின் பெயரில் ஓர் எம்.பி.யைத் தெரிவு செய்து, அந்த எம்.பி. போய் எங்களுக்கே சட்டம் எழுதுவதா? நான் ஒப்புக்கொடுத்த நன்றிப் பூசையை எந்தக் கடவுளிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

வருகிற மாதம் சனாதிபதித் தேர்தல். அன்றும் அவன் பெயரைக் கூப்பிடுவார்கள். தாங்கள் நேர்மையான உத்தியோகத்தர் ஒருவரை அங்கே இருத்தி, கை நீட்டுபவனின் இடக்கையைப் பார்க்கும்படி உத்தரவிட வேண்டும். சின்னிவிரல் இருந்தால் அவன் கள்ளன், பிடித்து அடையுங்கள். இல்லாவிட்டால் அவன் என் பிள்ளை. வாக்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அம்மா ஸ்காபரோவில் இருக்கிறா என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்காபரோ,
24.10.1994

பதிலுக்குக் காத்திருக்கும்,
அ. திரேசம்மா
(பஸ்ரியனின் தாய்)