லீவர் ஏறிய வேகம்

திருக்கழுக்குன்றம்
4.2.2024

அன்புத் தங்கை ஜெனிஃபருக்கு,

நௌஷாத் எழுதுகிறேன். மாமல்லபுரத்தில் சதாசிவம் சார் காப்பிக்கடையில் மிஷின் பார்த்துக்கொண்டிருந்த அதே நௌஷாத். ஒன்பது வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ கடிதத்தை மடித்து வைத்துவிட்டாலும் குறை சொல்லமாட்டேன். முகவரி தந்தது சமையல்கட்டு சியாமளா அக்கா. போன் நம்பர்தான் கேட்டேன். "அது யாரான்டயும் போன்ல பேசறதில்லப்பா, லெட்டர் போடு" என்றார்.

இங்கே ஃபர்சானாவும் பிள்ளைகளும் சுகம். மார்க்கெட் பக்கம் சின்னதாகக் கடை வைத்து மிக்ஸி, கேஸ் அடுப்பு பழுது பார்க்கிறேன்.

சாருடைய மகள் சிநேகா காப்பிக்கடையை மறுபடி திறக்கப்போகிறாள். அந்த இத்தாலி லீவர் மிஷினை வேனில் கொண்டுவந்து என் கடையில் இறக்கிவிட்டு, "இது ஓடணும் அண்ணா" என்றாள். உனக்கு அடிபட்ட அன்றைக்குப் பிறகு சார் அதை யாரையும் தொடவிடவில்லை. கொரோனாவில் கடை மூடும்வரை அலங்காரமாக நின்றது, அப்புறம் குடோனில் கிடந்தது. கடற்காற்றில் பித்தளையெல்லாம் பச்சை பூத்திருக்கிறது. பாய்லருக்குள் விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு. அதைச் சமாளித்துவிடுவேன். லீவர் இருக்கும் தலையைப் பிரிக்கத்தான் தயக்கம். எதை முன்னால் கழற்றுவது, எதைப் பின்னால் கழற்றுவது என்று நீ நோட்டில் வரைந்து வைத்திருந்தாயே, ஞாபகம் இருந்தால் வரைந்து அனுப்புவாயா? என் நம்பர் உறையின் பின்பக்கம் இருக்கிறது.

உடம்பு எப்படி என்று எழுத நினைத்தேன். கை வரவில்லை.

உன் அண்ணன்
நௌஷாத்

*

ஓசூர்
15.2.2024

அன்புள்ள நௌஷாத் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை மடித்து வைக்கவில்லை. மூன்று முறை படித்தேன். பிள்ளைகள் என்று எழுதினீர்களே, எத்தனை பேர், என்ன பெயர் என்று ஒரு வரி எழுதினால் என்ன?

நீங்கள் கேட்காததற்கும் நானே பதில் சொல்லிவிடுகிறேன். தாடை கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. சாப்பிடுவதில் கஷ்டமில்லை. பேச்சு குழறும். நேரில் பாதி புரியும், போனில் ஒன்றும் புரியாது. இங்கே மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் அளவு சரிபார்க்கிறேன். வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலை.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அளவு சரியாக வராது. நிஜ அளவிலேயே வரைந்திருப்பதால் சாமானைத் தாள்மேல் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். பிரிக்கும் முன் ஸ்பிரிங்கை இரண்டு நீள போல்ட் போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள். சும்மா அவிழ்த்தால் விரல் போய்விடும்.

ஒன்று கேட்கவா? தலையைப் பிரித்ததும் பார்த்துச் சொல்லுங்கள். கிண்ணம் வைத்த கைப்பிடியில் காப்பிப் பொடி இல்லாமல் லீவரை விட்டால், தாடையை உடைக்கிற வேகத்தில் மேலே பாயுமா? அன்றைக்கு நான் பொடி போட்டு, அழுத்தி, கைப்பிடியைப் பூட்டியதாகத்தான் என் ஞாபகம். போன் மேடைமேல் இருந்ததாகவும் ஞாபகம். நீங்கள் பார்த்தபோது கைப்பிடி காலியாக இருந்தது, நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றீர்கள். அதனால் என் ஞாபகம்தான் தப்பு. இருந்தாலும் கை இன்றும் சில சமயம் சும்மாவே அந்த வேலையைச் செய்து பார்க்கிறது.

அப்பா செங்கல்பட்டில்தான் இருக்கிறார். பண்டிகைக்குப் போனால் சோறு போடுவார். என் வேலையைப் பற்றிமட்டும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

அன்புடன்
ஜெனிஃபர்

*

திருக்கழுக்குன்றம்
26.2.2024

அன்புத் தங்கைக்கு,

படம் கிடைத்தது. அரை மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. பாய்லர் சுத்தமாகிவிட்டது. தலையையும் பிரித்துவிட்டேன். பிள்ளைகள் இரண்டு பேர், ஜாவித், அஃப்ஸானா. கடையில் வேலை அதிகம். மற்றது பிறகு எழுதுகிறேன்.

நௌஷாத்

*

ஓசூர்
6.3.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். நான் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. சங்கடமாக இருந்தால் விட்டுவிடுங்கள் அண்ணா. என் முட்டாள்தனத்தை உங்கள் வாயால் இன்னொரு முறை சொல்லவைக்கப் பார்த்தேனே என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஜெனிஃபர்

*

திருக்கழுக்குன்றம்
12.3.2024

ஜெனிஃபருக்கு,

இன்று முதல் நோன்பு. அதனால்தான் உண்மை எழுத வந்தேன் என்று சொன்னால் நல்லவன் மாதிரி இருக்கும். அது இல்லை. நீ எழுதிய 'முட்டாள்தனம்' என்ற வார்த்தைதான் என்னை உட்கார வைத்தது.

அந்தத் தலையைப் பிரிக்க எனக்குப் படம் தேவையில்லை. முன்பே ஒரு தடவை பிரித்திருக்கிறேன். உனக்கு எழுத ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

லீவரை இழுத்தால் ஸ்பிரிங் இறுகும். விட்டால் ஸ்பிரிங் பிஸ்டனைக் கீழே தள்ளும், வெந்நீர் பொடிக்குள் இறங்கும், லீவர் மெல்ல மேலே ஏறும். பொடி இல்லாவிட்டால் சுத்தியல் மாதிரி பாயும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வாஷர் போய்விட்டாலும் தண்ணீர் பக்கவாட்டில் ஒழுகி அதே மாதிரிதான் பாயும். இது உனக்குத் தெரியும். எந்த வாஷர் உள்ளே இருந்தது என்பதுதான் தெரியாது.

சார் புது வாஷர் வாங்கிவரச் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் சென்னைக்குப் போகச் சோம்பல்பட்டு, லாரி டியூப்பை வட்டமாக வெட்டிப் போட்டேன். "மாத்திட்டியா?" என்று கேட்டார். "மாத்திட்டேன் சார்" என்றேன். போன மாதம் தலையைத் திறந்தபோது அது கறுப்புக் கூழாகப் பிஸ்டனில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இதுவரை எழுதியது சின்னது. இனிமேல்தான் பெரியது.

உன்னை ஆட்டோவில் ஏற்றிப் போனதும் நான் அந்தக் கைப்பிடியைக் கழற்றினேன். உள்ளே பொடி இருந்தது. நன்றாக அழுத்தின பொடி, பாதி நனைந்திருந்தது. பார்த்தேன். குப்பைத் தொட்டியில் தட்டிவிட்டுக் கைப்பிடியைத் துடைத்தேன். சார் உள்ளே வந்து, "இன்னாடா ஆச்சு?" என்றார்.

"பொடி போடாம வுட்டுட்டா சார். போன பாத்துகினு இருந்தா."

இரண்டும் பொய். உன் போன் சர்க்கரை டப்பா பக்கத்தில் இருந்தது. அதே பொய்யை உன் அப்பாவிடம் ஆஸ்பத்திரி வாசலில் சொன்னேன். அப்புறம் உன் கட்டிலருகில் நின்று உன்னிடமும் சொன்னேன். உன்னால் வாயைத் திறந்து மறுக்க முடியாது என்று தெரிந்துதான் சொன்னேன்.

காரணம் எழுதமாட்டேன். எழுதினால் அது இன்னொரு சாக்கு.

உன் ஞாபகம் தப்பில்லை.

நௌஷாத்

*

ஓசூர்
18.3.2024

நௌஷாத் அண்ணா,

கடிதத்தைக் கம்பெனி கேன்டீனில் வைத்துப் படித்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வெட்கம்தான் வந்தது. என் கை அழுத்திய பொடியை விட்டுவிட்டு உங்கள் வார்த்தையை நம்பியிருக்கிறேன். இந்த ஒன்பது வருடத்தில் அடுப்பில் பால் வைத்தால்கூடப் பக்கத்திலிருந்து யாராவது பார்த்துக்கொள்ளச் சொல்வேன். என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லாமல் போயிருந்தது. அதையும் நீங்கள்தான் எடுத்துக்கொண்டீர்கள். தாடை அதற்கு அடுத்ததுதான்.

எனக்கு எழுதியது போதாது. நீங்கள் பொய் சொன்ன இடங்களுக்கெல்லாம் போங்கள். சார் வீட்டுக்குப் போங்கள். செங்கல்பட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லுங்கள். கடிதம் போடக்கூடாது, நேரில் நின்று சொல்லவேண்டும்.

ஜெனிஃபர்

*

திருக்கழுக்குன்றம்
24.3.2024

ஜெனிஃபருக்கு,

போனேன்.

முதலில் சார் வீடு. முழுதும் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. சிநேகாதான் வாசல்வரை வந்தாள். "மிஷின முடிச்சுக் குடுங்க. ஆனா வேற ஒருத்தர் திறந்து பாத்தப்புறம்தான் கடைல வெப்பேன்" என்றாள். சரி என்றேன்.

இன்று காலை செங்கல்பட்டு ராட்டினங்கிணறு. உன் அப்பா குருத்தோலை ஆராதனை முடிந்து கையில் ஓலையோடு வந்தார். என்னை அடையாளம் தெரிந்து, "வாப்பா, வூட்டுக்குள்ள வா" என்றார். நான் உள்ளே போகவில்லை. வாசலில் நின்றே சொன்னேன். டியூப், பொடி, போன் எல்லாவற்றையும். அவர் ஓலையைக் கிழித்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆஸ்பத்திரில நா அதுகிட்ட இன்னா சொன்னேன் தெரியுமா? 'போன நோண்டிக்கினு இருந்தியே, இப்ப நல்லா பேசு'ன்னேன். வாயில கம்பி போட்டுக் கட்டியிருந்தாங்க. அது கண்ணுல தண்ணி வந்துச்சு. வலின்னு நெனச்சிக்கினேன்."

"என்ன அடிங்க நைனா" என்றேன்.

"உன்ன அடிச்சா என் வார்த்த திரும்பி வந்துடுமா? போய்டு."

வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. ஃபர்சானாவிடமும் சொல்லிவிட்டேன். நீ சொன்ன பட்டியலில் அவள் இல்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவளிடமும் அதே பொய்யைத்தான் சொல்லியிருந்தேன். இன்று நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

நௌஷாத்

*

ஓசூர்
2.4.2024

நௌஷாத் அவர்களுக்கு,

சனிக்கிழமை அப்பா வந்தார். நான்கு பஸ் மாறி, சொல்லாமல் வந்து, கம்பெனி கேட்டில் நின்றுகொண்டிருந்தார். அறைக்கு வந்ததும், "உள்ள இன்னாம்மா வேல செய்யற?" என்று கேட்டார். சொன்னேன். புரியவில்லை. "இன்னொரு தபா சொல்லும்மா" என்றார். சொன்னேன். மைக்ரோமீட்டர் என்பதை நாலு தடவை சொல்லவேண்டியிருந்தது. ஐந்தாவது தடவை அவரே சரியாகச் சொன்னார். ஆஸ்பத்திரியைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மறுநாள் ஈஸ்டர் ஆராதனைக்கு இரண்டு பேரும் போனோம். பஸ் ஏறும்போது, "போன் பண்ணு, நா புரிஞ்சிக்குவேன்" என்றார். நேற்று பண்ணினேன்.

நீங்கள் போய்ச் சொல்லாவிட்டால் இது நடந்திருக்காது. நீங்கள் அன்றைக்குச் சொன்னதைச் சொல்லாதிருந்தால் இதற்குத் தேவையே வந்திருக்காது. அதனால் நன்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மன்னித்தேன் என்று எழுதினால், இப்போதைக்கு அது பொய். நம் இருவரில் ஒருவர் சொன்ன பொய்யே போதும்.

மிஷினுக்கு ஒரு விஷயம். புது வாஷர் போட்டதும் முதல் பத்து தடவை முகத்தை விலக்கி, இரண்டு கையாலும் லீவரைப் பிடித்துக்கொண்டே ஏற விடவேண்டும். சிநேகா அங்கே யாரை நிறுத்துகிறாளோ, அவரிடம் இதை நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லலாம். உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனிமேல் எனக்கு எழுதவேண்டாம்.

ஜெனிஃபர்