மூன்றாம் நம்பர் வண்டியில் ஒரு காகிதம்

ஜூன் 3

தம்பிக்கு,

பதினோரு மாதம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படி ஆரம்பித்தால் நீயே நம்ப மாட்டாய். வேலை விஷயம்.

போன வாரம் ஆபீஸ் கம்ப்யூட்டர் உயிரை விட்டது. ரிப்பேர்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் தேறாது என்று கையை விரித்தார். புதிது வாங்கினோம். நாம் வண்டியில் ஏற்றி இறக்கும் டயாலிசிஸ் நோயாளிகள் பட்டியல் முழுக்கக் கிளவுடில்தானே இருக்கிறது, திறந்தால் வந்துவிடும் என்று உன் அண்ணி தெம்பாக உட்கார்ந்தாள். அது பாஸ்வேர்டு கேட்டது. பழைய கம்ப்யூட்டர் நீ திறந்துவிட்டுப் போனபடியே இத்தனை நாளும் திறந்து கிடந்திருக்கிறது. எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

டிரைவர்களின் போனில் பழைய பட்டியல் ஓடுகிறது. எதையும் மாற்ற முடியவில்லை. வாத்தியார் வீடு மாறினார். வண்டி பழைய வீட்டு வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்க, அவர் புது வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். ஒரு முறை தவறியதற்கே மூச்சுத் திணறி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். போதாததற்கு, இருபத்தெட்டாம் தேதிக்குள் அட்மின் ஒப்புக்கொள்ளாவிட்டால் டிரைவர்களின் போன்களையும் வெளியே தள்ளிவிடுவேன் என்று ஒரு எச்சரிக்கை வருகிறது. அட்மின் நீதான்.

பாஸ்வேர்டை எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
அண்ணன்

ஜூன் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

கவர்மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு முகம் வெளிறிப்போயிற்றாம். பக்கத்தில் இருந்தவர், “என்னப்பா, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். படித்து முடித்துவிட்டு, “ஆமாண்ணே, கம்ப்யூட்டருக்கு” என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று.

பாஸ்வேர்டு இதுதான்: ■■■■■■■■■■■■

பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்து அடியுங்கள். அண்ணியிடம் கொடுங்கள், நீங்கள் அவசரத்தில் தப்பாக அடிப்பீர்கள்.

வாத்தியார் இப்போது எப்படி இருக்கிறார்? வெயில் ஏறிவிட்டால் அவருக்குத் தலை சுற்றும், முதல் நடையிலேயே ஏற்றிவிடுங்கள். மூன்றாம் மாடி அம்மாவை இறக்கும்போது இடது கையைப் பிடிக்கக் கூடாது. ஊசி போடும் கை அது. புது டிரைவருக்குச் சொல்லுங்கள்.

எனக்கு இங்கே துணி மடிக்கிற பிரிவில் வேலை. நன்றாக மடிக்கிறேன். அண்ணி பார்த்தால் நம்ப மாட்டார்.

அன்புடன்,
தம்பி

ஜூன் 12

தம்பிக்கு,

கடிதம் வந்தது. பாஸ்வேர்டு இருந்த இடத்தில் கறுப்பு மையைப் பூசி அனுப்பியிருக்கிறார்கள். ஜெயிலுக்குப் போன் போட்டேன். “எழுத்தும் நம்பரும் குறியும் கலந்து இருக்கு சார். ஏதோ சங்கேதம் மாதிரி இருக்குறதை நாங்க விட முடியாது” என்றார் அந்த அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார். “நேர்ல வந்து கேட்டுக்கலாமே? ஞாயித்துக்கிழமை எல்லா வீட்டுலயிருந்தும் வர்றாங்களே” என்றார். வேலை இருக்கிறது என்றேன்.

சரி, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்திப் பார்ப்போம் என்றாள் உன் அண்ணி. அழுத்தினோம். உன் மெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன் என்றது. மெயிலைத் திறக்கப் போனால் உன் போனுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறேன் என்றது. உன் போனோ கோர்ட்டில் சீல் வைத்துக் கிடக்கிறது. சுத்திச் சுத்திச் சுப்பன் கொல்லை.

எதற்கும் பார்ப்போம் என்று உன் நம்பருக்கு அடித்தேன். மணி அடித்தது! ஒரு அம்மா எடுத்தார். ரீசார்ஜ் செய்யாமல் கிடந்ததால் உன் நம்பரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். தையல் கடை வைத்திருக்கிறாராம். விஷயத்தைச் சொல்லி, ஓடிபி வந்ததா என்று கேட்டேன்.

“வந்துச்சு. ஆனா சொல்ல மாட்டேன். யார் கேட்டாலும் சொல்லாதேன்னு தினம் மெசேஜ் அனுப்புறாங்க. நீங்க நல்லவராவே இருக்கலாம், எனக்கென்ன தெரியும்?”

நியாயம்தானே. வைக்கப்போனேன். அவரே கேட்டார்: “இந்த நம்பருக்கு வயசானவங்களா கூப்பிட்டு, ‘தம்பி, நாளைக்கு வண்டி வந்துடும்ல?’ன்னு கேக்குறாங்க. ஒரு பாட்டி, தம்பி சாப்பிட்டியான்னு கேக்குறாங்க. யாருங்க அவரு, எங்க போயிட்டாரு?”

போனை வைத்துவிட்டேன்.

இருபத்தெட்டு நெருங்குகிறது. வேறு வழி இருந்தால் எழுது. குறியில்லாத தமிழில் எழுது.

அண்ணன்

ஜூன் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நம் வண்டி ஓடாது என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை.

அந்தத் தையற்கார அம்மா செய்ததுதான் சரி. என்னிடம் படித்த பாடம் மாதிரி பேசியிருக்கிறார். போனில் கேட்காதீர்கள், அவர் கடைக்கே போங்கள். வண்டியில் அழைத்துப்போய் ஒரு நடை காட்டுங்கள். கூப்பிடுகிறவர்களின் குரல் அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. பார்த்த பிறகும் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

அவர் சொன்னால் மெயில் திறக்கும். மெயில் வழியாகப் புதுப் பாஸ்வேர்டு போட்டுக்கொள்ளலாம். ஆனால் கிளவுடுக்குள் போக இன்னொரு பூட்டு இருக்கிறது. என் போனில் மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டே வரும் ஒரு எண்ணைக் கேட்கும். பூட்டை நான்தான் போட்டேன், சாவியை என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தது. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் திறப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

இல்லை, ஒரு தடவை யோசித்தேன். போன் தொலைந்தால் பயன்படட்டும் என்று அந்த எண்ணுக்குப் பதிலாகப் பத்து எண்கள் கொடுப்பார்கள். அதை அச்சடித்து, மடித்து, வண்டிப் பேப்பர்களோடு வைத்தேன். மூன்றாம் நம்பர் வண்டியில், இடப்பக்கச் சீட்டுக்கு முன்னால் இருக்கும் டப்பாவில்.

அந்த வண்டியா என்று கேட்பீர்கள். அதேதான். இன்னும் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில்தான் நிற்கும். காகிதம் எடுக்க மட்டும் என்று எழுதிக் கொடுத்தால் விடுவார்கள். உங்களுக்குக் கஷ்டம் என்றால் அண்ணியை அனுப்புங்கள்.

ஒருவேளை எதுவுமே திறக்காமல் போனால் என்ன செய்வது? முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்து மூன்று பேரின் விவரத்தை ஞாபகத்திலிருந்து எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எந்த வாசல், எத்தனை படி, யாருக்குச் சக்கர நாற்காலி, யாருக்குக் காது கேட்காது, எல்லாம் இருக்கிறது. மீதி ஐந்து பேர் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மன்னிக்கவும்.

அன்புடன்,
தம்பி

ஜூன் 25

அன்புள்ள தம்பிக்கு,

திறந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ நிம்மதியாகப் படிக்கலாம்.

தையற்கார அம்மா கடையை அரை நாள் சாத்திவிட்டு வந்தார். மூன்றாம் மாடி அம்மா படியிறங்க இருபது நிமிடம் ஆயிற்று. இவர் கூடவே இறங்கினார், பையைத் தானே வாங்கிக்கொண்டார். வண்டியில் உட்கார்ந்ததும் அந்த அம்மா, “தம்பி வரலியா?” என்றார். குரலைக் கேட்டதும் தையற்கார அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “இவங்கதான், சாப்பிட்டியான்னு கேட்டவங்க” என்றார். அப்புறம் போனை எடுத்து, “அனுப்பச் சொல்லுங்க சார், படிக்கிறேன்” என்றார். நான் போனில் சொல்லச் சொல்ல, ஆபீஸில் உன் அண்ணி ஒற்றை விரலால் தட்டி முடிப்பதற்குள் முதல் எண் காலாவதி. இரண்டாவதில் மெயில் திறந்தது.

நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன். அண்ணியை அனுப்பவில்லை. முன்பக்கம் அப்படியே நசுங்கிக் கிடக்கிறது. டப்பா இறுகிப்போயிருந்தது, வெளியே நின்று இழுத்தால் வரவில்லை. சீட்டில் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுத்தேன், வந்தது. காகிதம் இருந்தது. உன் கையெழுத்தில் மேலே, ‘பத்திரம்’ என்று எழுதியிருந்தாய்.

எடுத்த பிறகும் இறங்க முடியவில்லை. கான்ஸ்டபிள் வந்து, “சார், உடம்பு சரியில்லையா?” என்று கேட்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கடிதத்தைப் படித்துப் பார்த்து அனுப்புகிற அதிகாரியும் இதைப் படிக்கட்டும். அன்றைக்கு உன் போன் துடித்தபோது நீ எடுக்கவில்லை. பக்கத்துச் சீட்டில் இருந்த நான்தான், “சர்வர் நின்னுடுச்சோ என்னவோ, எடுத்துப் பாருடா” என்றேன். நீ எடுத்தாய். அந்தப் பெரியவர் சைக்கிளோடு குறுக்கே வந்தது அப்போதுதான்.

“ஓட்டியவர் கையில் போன் இருந்ததா?” என்று கோர்ட்டில் கேட்டார்கள். இருந்தது என்றேன். ஏன் எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டேன். வெளியே வந்தால், “சொந்தத் தம்பின்னும் பார்க்காம உண்மையைச் சொன்னாரே” என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பதினோரு மாதமாக அந்தப் புகழைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். தொண்டையில் இறங்கவில்லை.

உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அங்கே வரவில்லை. வேறு வேலை எதுவும் இல்லை.

வாத்தியார் விலாசத்தை மாற்றிவிட்டோம். நீ எழுதியனுப்பிய முப்பத்து மூன்று பேரையும் உன் அண்ணி சரிபார்த்தாள். ஒரு படிகூடத் தப்பில்லை.

உன்,
அண்ணன்

ஜூலை 1

அன்புள்ள அண்ணா,

நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறந்த நாளே இல்லை.

முதலில் என் பங்கைச் சொல்கிறேன். ஓட்டுகிறவன் நான். “அப்புறம் பாக்கலாம்ணா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெரியவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். நான் சொல்லவில்லை. சர்வர் என்றால் எனக்கு அப்படி ஒரு பைத்தியம். இதை யாரோடும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது.

கோர்ட்டில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றால், அது பெருந்தன்மை ஒன்றுமில்லை. நீங்களும் வழக்கில் மாட்டினால் காலை ஐந்தரைக்கு வண்டியை யார் எடுப்பார்கள்? முப்பத்தெட்டுப் பேர் காத்திருப்பார்களே. அவ்வளவுதான் தோன்றியது.

ஆனால் கோபம் இருந்தது, அண்ணா. இருந்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன். நீங்கள் சொன்ன சாட்சிக்காக அல்ல. தீர்ப்பு முடிந்து என்னை அழைத்துப்போகும்போது நீங்கள் வராண்டாவில் தூணோரம் நின்றீர்கள். பக்கத்தில்தான் நடந்துபோனேன், கையை நீட்டினால் தொட்டிருப்பேன். ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பீர்களா என்று பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இந்தப் பதினோரு மாதமும் எனக்கு அந்த வராண்டாதான்.

அண்ணியிடம் இரண்டு வேலை சொல்லுங்கள். அக்கவுண்டில் அட்மினாக உங்கள் பெயரையும் அண்ணி பெயரையும் சேர்த்துவிட்டு, என் பெயரை எடுத்துவிடுங்கள். ஒரே ஆள் கையில் எதையும் வைக்கக் கூடாது. அப்புறம், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவர் போனுக்கு எந்த அறிவிப்பும் வராதபடி நிறுத்திவிடுங்கள். அமைப்புகளில் மூன்றாவது வரி.

விழுங்கிய மீதியை எழுதிக் கொடுக்க வக்கீலிடம் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். எனக்காகப் போக வேண்டாம். போவதாக இருந்தால், அதற்கு முன்னால் அந்தப் பெரியவரின் மகளிடம் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் காகிதத்தில் ஏறக் கூடாது.

தம்பி

ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

போனேன். பெரியவரின் மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார், உனக்கும் தெரியும். அங்கே பேச வேண்டாம் என்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றே சொன்னேன்.

“இதை இப்ப எதுக்குச் சொல்றீங்க?” என்றார்.

“ஒருத்தன் தலையிலயே எல்லாத்தையும் வச்சுட்டேம்மா.”

கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “எங்கப்பா திரும்பி வரப்போறதில்ல. ஆனா உங்க தம்பி விளையாட்டா போனைப் பாத்துக்கிட்டு ஓட்டினார்னுதான் இவ்வளவு நாள் நெனச்சிட்டிருந்தேன். ராத்திரி படுத்தா அந்த நெனப்புதான் எரியும்” என்றார். “எழுதிக் குடுங்க. முழுசா எழுதிக் குடுங்க.” கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார்.

நேற்று வக்கீலிடம் முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன ஆகும் என்று அவருக்கே தெரியவில்லை. உன் தண்டனை குறையலாம், எனக்கு ஏதாவது வரலாம், இரண்டும் இல்லாமலும் போகலாம். எனக்கு ஏதாவது ஆனால் ஐந்தரை வண்டியைத் தானே எடுப்பதாக உன் அண்ணி சொல்லிவிட்டாள்.

அட்மினாக எங்கள் இருவர் பெயரும் ஏறிவிட்டது. அறிவிப்பையும் நிறுத்தியாயிற்று. உன் பெயரை எடுக்கவா என்று அது கேட்டபோது, உன் அண்ணி, “வேண்டாம்னு அழுத்துறேன்” என்றாள். அழுத்திவிட்டாள். இதில் நீ சொல்வதற்கு ஒன்றுமில்லை.

உன்னைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைக்கு மனுக் கொடுத்துவிட்டேன். பத்தரை மணி. பேச எனக்கு வருமா என்று தெரியவில்லை. ஆனால் தரையைப் பார்க்க மாட்டேன்.

உன்,
அண்ணன்