நாலு கெட்ட வார்த்தை

3, திங்கள்

காலையிலிருந்து தூறல். வக்கீல் ஆபீஸ் பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டியவை: மை, குண்டூசி, என் தைராய்டு மாத்திரை.

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பம்ப் கம்பெனி ஓனர் வந்தார். வெள்ளை வேட்டி, வாய் நிறைய ‘ங்க’. டைப் அடிக்கிற எனக்கும் சேர்த்து டீ சொன்னார். கம்பெனியை ஒட்டி மாராத்தாள் என்ற அம்மாவுக்கு மூன்று சென்ட்டில் வீடு. லாரி திரும்புவதற்கு அந்த இடம் வேண்டுமாம். அந்த அம்மா தரமாட்டேன் என்கிறார். மகள் சரண்யா போலீஸ் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாள். அடுத்த வாரம் அவளைப் பற்றி விசாரிக்கப் போலீசிலிருந்து வருவார்கள். அவள் பெயரில் வழக்கு இருந்தால் வேலை போச்சு.

“கேஸ் ஜெயிக்கோணும்னு இல்லீங்க. இருந்தாப் போதுமுங்க” என்றார். டீக்குச் சர்க்கரை கம்மி என்று சொன்ன அதே குரல்.

வக்கீல் சொல்லச் சொல்ல அடித்தேன். ‘மேற்படி சரண்யா என்னை வழிமறித்து, தகாத வார்த்தைகளால் திட்டி, கொலை மிரட்டல் விடுத்து...’

“என்ன வார்த்தைன்னு போடோணுங்க அம்மணி. நீங்களே நாலு போட்டுருங்க” என்றார் வக்கீல்.

போட்டேன். யோசிக்கவே இல்லை. பத்து வருடமாக என் வீட்டுக்காரர் வாயில் கேட்பவைதானே. வக்கீல் படித்துப் பார்த்து, “நல்லா இயல்பா இருக்குதுங்க” என்றார். சீ.

5, புதன்

வெயில். மை வாங்கியாச்சு. மாத்திரை மறந்துபோச்சு.

மனுவை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டார்கள். வழக்கு இன்னும் பதியவில்லை. இடத்தை எழுதிக் கொடுத்தால் வாபஸ். வக்கீல் இதற்குச் ‘சமாதானம்’ என்கிறார். அந்த ஆள் வாங்கித் தந்த டீயை அன்றைக்குக் குடித்திருக்கக் கூடாது. இன்றும் சொன்னார். இன்றும் குடித்தேன்.

7, வெள்ளி

மறுபடி தூறல். கிரயப் பத்திரமும் நான்தான் அடித்தேன். மாராத்தாள் மகளோடு வந்து பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். ஒரு புள்ளி விடவில்லை. “சவுக்கியமுங்களா அக்கா” என்று ஓனர் எழுந்து நாற்காலி கொடுத்தார். அருவருப்பு.

எல்லாரும் பதிவு ஆபீசுக்குக் கிளம்பும்போது சரண்யா மட்டும் என் மேஜைக்கு வந்தாள். கையில் மனுவின் நகல். ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

“ஏனுங்க அக்கா, நான் பேசுனதா போட்டிருக்குதுங்களே, இந்த ரெண்டாவது வார்த்தைக்கு என்னங்க அர்த்தம்? அம்மா கேக்கறாங்க. எனக்குத் தெரியலீங்க.”

“எனக்கும் தெரியலீங்க கண்ணு” என்றேன்.