கைப்பிடியில் கட்டிய நூல்

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ரண்டர்ஸ்.

சர்வதேச ராலிகிராஸ் கார்ப் பந்தயத் தொடரின் மூன்றாவது போட்டியில் இன்று மகள் துளசி ஓட்டிய கார் புரண்டு தீப்பிடித்தது. காருக்குள் இருந்த தீயணைப்பானை இயக்க இழுக்கும் சிவப்புக் கைப்பிடி முதல் இழுப்பில் வரவில்லையாம். இரண்டாவது இழுப்பில்தான் வந்ததாம்.

நேற்று கோவில் நூலை அந்தச் சிவப்புக் கைப்பிடியில்தான், பக்கத்துக் கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். அந்தக் கைப்பிடி எதற்கென்று அப்போது எனக்குத் தெரியாது. யார் கண்ணிலும் படாத இடம் என்று மட்டும் நினைத்தேன்.

அறுந்த நூலைத் துளசி காருக்குள் கண்டெடுத்திருக்கிறாள். எப்போதும் டெனிஷில் பேசுகிறவள் தமிழில் சொன்னாள்: "அம்மா, உங்கட நூல்தான் என்னைக் காப்பாத்தினது. அடுத்த போட்டிக்கும் கட்டிவிடுங்கோ."

"ஓம்" என்றேன்.

எங்கே கட்டினேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வருவாளோ என்று அவளுடைய அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.