இனி வேனுக்குத் தண்ணீர் வேண்டாம், அண்ணா

தலையைத் திருப்பாமலேயே பின்சீட்டில் யார் இன்னும் ஏறவில்லை என்று சொல்லிவிடும் என் டேவிட் அண்ணாவுக்கு,

நீ உயிரோடு இருந்தபோது நான் உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே தெருவில் இருக்கிறவர்களுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? வாசலில் நின்று கத்தினால் போதும். இப்போது கத்தினால் கேட்காது என்பதால் எழுதுகிறேன். இதில் பாதி நல்ல சேதி, பாதி திட்டு. திட்டை முதலில் வாங்கிக்கொள்.

உன் ரேடியேட்டரைத் திறந்து பார்த்துவிட்டோம்.

நீ போனதும், எங்களையெல்லாம் ஷூ கம்பெனிக்கு ஏற்றிப்போன உன் வேன் சர்ச் சுவர் ஓரமாகவே கிடந்தது. நம் ஊர்ப் பெண்களுக்குத்தான் பேஜாராகிவிட்டது. ஷூ கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு சரி, ஊருக்குள் வராது. விடிவதற்கு முன்பே ஏரிக்கரையில் நடந்து போய் ஏற வேண்டும். சரளா அக்கா ஒருநாள் தடுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். அன்றைக்கு சாயந்திரம்தான் நான் அண்ணியிடம் போய்ச் சாவியைக் கேட்டேன். அண்ணி சாவியை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காலையில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஆம்பூர் போவேன். கம்பெனி கேட்டுக்கு வெளியே வேனை நிறுத்திவிட்டு நானும் உள்ளே போய் என் மெஷினில் உட்கார்ந்து ஷூவுக்கு மேல்தோல் தைப்பேன். சாயந்திரம் அதே வேனில் திரும்புவோம். தைக்கிற லைனில் என்னை ஓனரம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். உனக்கு இது கேட்டிருந்தால் எவ்வளவு சிரித்திருப்பாய்.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் ஒரு காலையில், மாதனூர் தாண்டியதும் சரளா அக்கா, "கிரேஸு, என் டிபன் பாக்ஸு இன்னாடி இப்படி சுடுது" என்றாள். உனக்குத்தான் தெரியுமே, இன்ஜின் மூடிமேல் டிபனை அடுக்கி வைத்தால் மத்தியானம் வரை சூடு இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. நான் இன்ஜின் சூடு காட்டுகிற முள்ளைப் பார்த்தேன். சிவப்பில் நின்றது. ஓரம் கட்டுவதற்குள் புகை வந்துவிட்டது. பெண்கள் எல்லோரும் ஹைவேயில் இறங்கி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். வண்டி ஆறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கம்பெனி கேட் மூடியிருந்தது.

சேதி எனக்கு முன்னால் அண்ணியிடம் போய்விட்டது. "அந்த சீட்டுல ஒருத்தர உக்கார வெச்சே குடுத்துட்டேன் கிரேஸு. உன்னையும் குடுக்க என்னால ஆவாது. திருப்பத்தூர்லருந்து ஒருத்தர் வண்டிய கேட்டுட்டே இருக்காரு, தக்காளி ஏத்தறதுக்கு. வித்துடறேன்" என்றாள்.

எதிர்த்து எப்படிப் பேசுவது? ஷிஃப்ட் விடுவதற்காகக் கம்பெனி வாசலில் காத்திருந்த நீ அந்த ஸ்டியரிங்மேல்தான் சாய்ந்தாய். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அண்ணி அந்த வேன் பக்கமே வரவில்லை. சர்ச்சுக்குப் போகும்போதுகூட அந்தச் சுவர் வழியை விட்டுவிட்டுச் சுற்றித்தான் போவாள். அவள் விற்கட்டும் என்று ஒரு மனசு. சரளா அக்காவின் முட்டியைப் பார்த்தால் இன்னொரு மனசு.

கடைசியில் உன் தோஸ்த் மெக்கானிக் கபூர் பாய்தான் நடுவில் வந்தார். "விக்கறதுன்னாலும் ஓடற வண்டியா வில்லும்மா. ஞாயித்துக்கிழமை நான் வந்து பாக்கறேன்" என்றார். அண்ணி யோசித்துவிட்டு ஒரு வாரம் கொடுத்தாள். முள் ஒரே ஒரு தடவை ஏறினாலும் வண்டி திருப்பத்தூருக்கு.

ஆராதனை முடிந்ததும் பாய் வந்தார். வண்டி ராத்திரியெல்லாம் நின்று நன்றாகக் குளிர்ந்திருந்தது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திருகினால் முகம் வெந்துவிடும் என்று, நான் கேட்காமலே நாலு தடவை சொன்னார். ரேடியேட்டருக்கு அடியில் பேசினை வைத்துக் கீழே இருக்கும் திருகைத் தளர்த்தினார். இன்ஜினைக் குளிர வைக்கிற கூலண்ட் பச்சையாக வரும் என்று குனிந்து பார்த்தேன். டீ டிகாக்ஷன் மாதிரி வந்தது, அண்ணா. பச்சை பேருக்குக்கூட இல்லை.

பாய் பேசினையே பார்த்துக்கொண்டு நின்றார். "எத்தனை தபா சொன்னேன் இவன்கிட்ட, வெறும் தண்ணி ஊத்தாதடான்னு. சிரிச்சிட்டே போய்டுவான்" என்றார்.

எங்களுக்குத் தெரியாதா நீ என்ன ஊற்றினாய் என்று? நாங்கள்தானே கொடுத்தோம். தோல் பதனிடுகிற ஷாப்புக் கழிவுத் தண்ணீர் இறங்கி இறங்கி நம் ஊர் போர் தண்ணீரே உப்பாகிப் போனது. அதை ஊற்றினால் ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். அதனால் சாயந்திரம் ஷிஃப்ட் விட்டதும் ஒரு நீலக் கேனைப் பிடித்துக்கொண்டு கதவருகில் நிற்பாய். "பாட்டில்ல மிச்சம் இருக்கறத ஊத்திட்டு ஏறுங்கம்மா." கம்பெனி ஃபில்டர் தண்ணீர், நல்ல தண்ணீர். எவ்வளவு தாகம் எடுத்தாலும் உன் வேனுக்கென்று ஒரு வாய் மிச்சம் வைக்காத பெண் எங்கள் லைனில் கிடையாது. புதிதாகச் சேருகிறவர்களுக்குக்கூட சரளா அக்கா அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பாள்.

அந்த நல்ல தண்ணீர்தான் வண்டியைத் தின்றிருக்கிறது. பாய் விளக்கினார்: "நல்ல தண்ணி மனுசனுக்கும்மா. இன்ஜினுக்கு வெறும் தண்ணி எதுவா இருந்தாலும் துருதான். அதுவுமில்லாம சீக்கிரம் கொதிச்சிடும். அதுக்குத்தான் கூலண்ட்டு." கீழ் ஹோஸில் கிளிப் இருக்கிற இடத்தில் ஒரு வெடிப்பு, அதுதான் வருஷக்கணக்காக ஒழுகியிருக்கிறது. மூடியின் ரப்பரும் காய்ந்து கல்லாகிவிட்டது. ஒழுகுவதை அடைக்காமல் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறாய். ஏன் அண்ணா? சோம்பலா? இல்லை, அந்த நீலக் கேனைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் ஒரு வார்த்தை விசாரிக்கிற சாக்கு போய்விடும் என்றா? இதைக் கேட்க எனக்கு இப்போது ஆள் இல்லை.

திட்டு முடிந்தது. மீதியைக் கேள்.

பேசினில் இருந்ததைச் சாக்கடையில் ஊற்றப் போனேன். பாய் தடுத்தார். கூலண்ட் கொஞ்சம் கலந்திருந்தாலும் இனிக்குமாம், நாயும் ஆடும் நக்கினால் செத்துப்போகுமாம். "பாலாத்துல ஊத்துனதெல்லாம் பத்தாதா" என்று சொல்லிக்கொண்டே பழைய டின்னில் ஊற்றி மூடினார். கேன் தண்ணீர் வாங்கி உள்ளே விட்டு, வண்டியை ஓடவிட்டு, ஆறவைத்து, திரும்பத் திறந்துவிட்டோம். முதலில் துருச் செதில் வந்தது, அப்புறம் கலங்கலாக வந்தது, கடைசியில் தெளிந்து வந்தது. அதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. அண்ணி குழம்பும் சோறும் ஒரு தட்டில் மூடி அனுப்பியிருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தாள், கிட்டே வரவில்லை.

ஹோஸும் மூடியும் புதிதாகப் போட்டோம். தண்ணீர் கலந்தே வருகிற பச்சைக் கூலண்டைப் பாய் மெல்ல ஊற்றினார். மூடியைத் திறந்து வைத்தபடியே இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸைக் கையால் பிசைந்துகொண்டே இருந்தார். உள்ளே சிக்கிய காற்று குபுக் குபுக்கென்று வெளியே வந்தது. மட்டம் இறங்க இறங்க இன்னும் ஊற்றினார். "காத்து ஒரு சொட்டு நின்னாலும் முள்ளு ஏறிடும்" என்றார். மறுநாள் வண்டி ஆறியதும் மட்டத்தைத் திரும்பப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இறங்கவே இல்லை.

திங்கட்கிழமை சாயந்திரம் பெண்கள் பாட்டிலோடு கதவருகில் வந்து நின்றார்கள். "இனிமே வேணாம். இதுல தண்ணி கலந்தா கெட்டுடும்" என்றேன். யாருக்கும் பிடிக்கவில்லை. சரளா அக்கா முகத்தைத் தூக்கிக்கொண்டாள். ஆனாலும் தினமும் மிச்சம் வைத்தார்கள். ரோட்டில் கொட்ட மனசில்லாமல் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த வாரம் முழுக்க நான் ரோட்டைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் ஜாஸ்தி. அது நடுவுக்குக் கீழேயே நின்றது.

சனிக்கிழமை ஷிஃப்ட் விட்டு வெளியே வந்தால், வேன் பக்கத்தில் அண்ணி நிற்கிறாள். டவுன் பஸ் பிடித்துத் தனியாக வந்திருக்கிறாள். நீ கடைசியாக நிறுத்தியிருந்த அதே இடம். அவள் கை கதவின்மேல் இருந்தது. நான் ஒன்றும் கேட்காமல் முன்கதவைத் திறந்தேன். ஏறி உட்கார்ந்தாள். உன் சீட்டை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பெண்கள் வந்தார்கள். அண்ணியைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டார்கள். எல்லோர் கையிலும் பாட்டில், எல்லாவற்றிலும் ஒரு வாய் தண்ணீர்.

"இது இன்னாத்துக்கு வெச்சிருக்கீங்க?" என்று அண்ணி கேட்டாள்.

"பழகிப்போச்சு விமலா. வெக்காம குடிச்சா தொண்டையில எறங்க மாட்டேங்குது" என்றாள் சரளா அக்கா.

அண்ணி ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்தாள். பிறகு இறங்கி, சீட்டுக்குப் பின்னாலிருந்து உன் நீலக் கேனை எடுத்துக் கதவருகில் பிடித்தாள். "ஊத்திட்டு ஏறுங்க."

ஊர் எல்லையில், கல்லறைத் தோட்டத்துத் திருப்பத்தில் நிறுத்தச் சொன்னாள். அவள் உன் தலைமாட்டில் நட்ட ரோஜாவை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே இருப்பது உப்புத் தண்ணீர்க் குழாய் ஒன்றுதான். அதை ஊற்றி ஊற்றி இலையெல்லாம் ஓரம் கருகி, இருக்கவா போகவா என்று நின்றது. அண்ணி உட்கார்ந்து கேனைச் சாய்த்தாள். மண் இழுத்துக்கொள்ளும் வரை காத்திருந்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். பெண்கள் யாரும் வேனில் உட்கார்ந்திருக்கவில்லை.

கேன் காலியானதும் அண்ணி முந்தானையால் கையைத் துடைத்தாள். "கிரேஸு, திருப்பத்தூர்க்காரருக்கு போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடு" என்றாள். "வண்டி போய்ட்டா இவருக்கு நல்ல தண்ணி யாரு கொண்டாந்து ஊத்துவாங்க?"

அண்ணா, வண்டி ஆறிய பிறகுதான் மூடியைத் தொடுவேன். ஞாயிறுதோறும் மட்டம் பார்ப்பேன். பாய் சொல்கிற நாளில் பழசை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றுவேன். எவ்வளவு அவசரமானாலும் வெறும் தண்ணீர் ஒரு சொட்டு விடமாட்டேன், சத்தியம். எங்கள் மிச்சத் தண்ணீர் முழுக்க இனி உனக்குத்தான். ரோஜாவில் ஒரு துளிர் விட்டிருக்கிறது.

தினமும் சாயந்திரம் உன் திருப்பத்தில் வண்டியை நிறுத்தும்,
உன் தங்கச்சி கிரேஸ்