திருத்திச் சொன்ன படங்கள்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று பார்த்த படத்தில் மூன்று மணி நேரம் வீண். அரண்மனை மாதிரி வீடு, அதில் ஒரு கோடீஸ்வர அப்பா, அவர் குளியலறையில் எங்கள் கடையிலேயே மலிவான ஓடு. டைல்ஸ் விற்கிறவன் கண்ணுக்கு அதுதான் முதலில் படுகிறது, என்ன செய்ய. அதைக்கூட மன்னித்துவிடலாம். கடைசியில் கதாநாயகனின் தங்கச்சியை எதற்குக் கொன்றார்கள்? அண்ணன்காரனுக்குக் கோபம் வர வேண்டுமாம். அதற்கு ஒரு உயிரா? கதை எழுத வராதவன்தான் ஆளைக் கொன்று கதையை நகர்த்துவான்.

மாலையில் அக்காவுக்குச் சொன்னேன். கண் மங்கி அவள் என்னோடு வந்து தங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இதுதான் வழக்கம். நான் பார்த்துவிட்டு வருவேன், அவள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து கேட்பாள். தங்கச்சியை நான் பிழைக்க வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அண்ணனை அவள் வெளுத்து வாங்குவதாக ஒரு காட்சியையும் சேர்த்தேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். படம் எடுத்த ஆளுக்கு முடிக்கத் தெரிந்திருக்கிறதே என்றாள். உதைக்க வேண்டிய ஆளுக்குப் பாராட்டு!

பிப்ரவரி 12

கடையில் கூட்டம். முதுகு வலி. ஒரு அம்மா சமையலறைக்கு ஓடு தேர்ந்தெடுக்கிறேன் என்று கடையையே புரட்டிப் போட்டுவிட்டு, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று பார்த்தது உண்மையிலேயே நல்ல படம். ஒரு பேருந்து ஓட்டுநர், வேலையின் கடைசி நாள். அவ்வளவுதான் கதை. யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் பழிவாங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் இறங்கி, வண்டியின் கதவை ஒருமுறை சாத்திப் பார்க்கிறார். அரங்கில் பத்துப் பேர்கூட இல்லை. எனக்குப் பின்னால் ஒருவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

இதில் திருத்த ஒன்றுமில்லை. ஆனால் சொல்லிப் பார்த்தால் சப்பென்று இருக்கிறது. அதில் என்னதான் நடக்கிறது என்று அக்கா இரண்டு தடவை கேட்டாள். கதவைச் சாத்துகிறார் என்றேன். ம் என்றாள். நல்ல படத்தைச் சொல்ல முடியாது, மோசமான படத்தைத்தான் சொல்ல முடியும் என்று இன்றைக்குத்தான் புரிந்தது. அப்படியென்றால் நல்ல படமெல்லாம் அவளுக்கு இனிமேல் இல்லையா? புதுப் படம் வந்தால் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இவளைக் கேட்டுத்தான் டிக்கெட் எடுப்பார்கள். அப்படி இருந்தவள்.

கண் தெளிந்ததும் முதலில் அந்தப் பேருந்துப் படத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றாள். "ஆறு மாசம்னுதானே டாக்டர் சொன்னாரு?"

ஆமாம் என்றேன்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நர்ஸ் அவளைக் கைப்பிடித்து வெளியே அழைத்துப் போன பிறகு, இருக்கிற கொஞ்சப் பார்வையும் போய்விடும் என்று என்னிடம் மட்டும் சொன்னார். சொட்டு மருந்து எரிச்சலுக்குத்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள் என்றார். நான் என்ன பக்குவத்தைக் கண்டேன்? வெளியே வந்தேன், அவள் முகத்தைத் தூக்கி என்ன சொன்னார் என்று கேட்டாள், வாயில் ஆறு மாதம் என்று வந்துவிட்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு

பேய்ப் படம். பேய்க்கே பயமாக இருந்திருக்கும். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். மீதியை நானே இட்டுக்கட்டிச் சொன்னேன். அக்காவுக்குப் பிடித்துப் போயிற்று.

மார்ச் 2, ஞாயிறு

பொறுமையாக எழுதுகிறேன்.

மத்தியானம் டீச்சர் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர், அக்காவுக்கு நெருங்கிய சிநேகிதி. நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா அந்தக் கோடீஸ்வரப் படத்தை ரசித்து ரசித்துச் சொல்கிறாள், தங்கச்சி கண் விழிக்கிற இடம்தான் படத்துக்கே உயிர் என்கிறாள். டீச்சர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். அந்தப் பெண்தான் செத்துவிடுகிறாளே என்றார். அக்கா விடுவாளா? வக்கீல் மாதிரி வாதாடினாள். அரங்கில் தூங்கிவிட்டீர்களோ என்று கேலி வேறு. டீச்சர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தில் என்ன கண்டாரோ, குரல் மாறிவிட்டது. "இருக்கும் இருக்கும், நான்தான் சரியாப் பார்க்கலைபோல" என்றார். அந்தப் பரிதாபக் குரல்! கண் போனதிலிருந்து அக்கா அந்தக் குரலை நன்றாகக் கண்டுகொள்வாள். அதோடு வாயை மூடிவிட்டாள்.

டீச்சர் போன பிறகு, எத்தனை படத்தை இப்படி மாற்றிச் சொன்னாய் என்று அக்கா கேட்டாள். எல்லாம் இல்லை அக்கா, மோசமாக எடுத்ததை மட்டும்தான் என்றேன்.

"மோசமான படத்தை மோசமாக் கேக்கறதுக்குக்கூட எனக்குக் கொடுத்து வைக்கலையா? நான் திட்ட வேண்டியதையெல்லாம் நீயே திட்டிட்டு வந்து, எனக்குச் சக்கரைத் தண்ணி கொடுத்திருக்கே. கண்ணு போனது பத்தாதுன்னு காதையும் பொத்திட்டியேடா."

நான் உனக்காகத்தானே — என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

மார்ச் 3

நான் போட்ட டீயை அக்கா தொடவில்லை.

மார்ச் 6

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மருந்து விடப் போனேன். இமையைப் பிடித்திருந்தேன். அப்போது கேட்டாள்.

"டாக்டர் சொன்னதையும் இப்படித்தான் சொன்னியா?"

அந்த ஒரு நொடி போதும், உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? இல்லைக்கா, அவர் சொன்னது சொன்னபடிதான் என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அக்கா என் கையை மெதுவாக விலக்கினாள். போதும் என்றாள். பிறகு தடவித் தடவிப் போய் டீச்சரைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்கு நேரம் வாங்கச் சொன்னாள்.

மார்ச் 9, ஞாயிறு

படத்துக்குப் போகவில்லை. போய்த்தான் யாரிடம் சொல்ல?

மார்ச் 14

ஆஸ்பத்திரி. நாங்கள் மூன்று பேரும் போனோம். பெயரைக் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன்.

"நீ இரு. டீச்சர் வரட்டும்" என்றாள் அக்கா.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் அவளுக்காகத்தான் மறைத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியா? அதைக் கேட்கும்போது அவள் முகம் எப்படி ஆகும் என்று பார்க்க எனக்குத்தான் திராணி இல்லை. வேறு ஒரு மண்ணும் இல்லை.

திரும்பும்போது வண்டியில் அவளாகவே சொன்னாள். "இனிமே வராதாம். இருக்கறதும் போயிடுமாம்." கொஞ்சம் பொறுத்து, "உன்னைவிட அவர் நல்லாச் சொன்னாரு. சுத்தி வளைக்கல" என்றாள்.

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் அழுதேன், ஓட்டுநர் கண்ணாடியில் பார்ப்பது தெரிந்தும். அவள் அழவே இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் அக்கா வந்து, இன்றைக்கு என்ன படம் ஓடுகிறது என்று கேட்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சுமாரான படம். முதல் பாதி ஜவ்வு. ஒரு அம்மா, வெளியூரில் வேலை பார்க்கும் மகன். அம்மா சாகிறாள், மகன் வந்து சேரவில்லை. அதைக் காட்டிய விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கால் மணி நேரம் மட்டும் வேறு யாரோ எடுத்த மாதிரி இருந்தது.

மாலையில் இருந்தது இருந்தபடி சொன்னேன். ஜவ்வையும் சொன்னேன், அக்கா வாய் நிறையத் திட்டினாள். அம்மா சாகிற இடம் வந்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

"நிறுத்தாத" என்றாள்.

சொல்லி முடித்தேன். அக்கா அழுதாள். சத்தமில்லாமல், வெகுநேரம். நல்ல படம்தான் போல, இந்த அளவுக்கு அழ வைத்துவிட்டதே.

இல்லை. இங்கேயாவது மாற்றாமல் எழுத வேண்டும். அவள் படத்துக்கு அழவில்லை.